கொப்பரைக் கொட்டகையும் ஒரு கோல்கீப்பரின் குரலும்

போர்ட் பிளேரில் புதிதாகப் போட்ட செயற்கைப் புல் மைதானத்தில் மழைத் தண்ணீர் நிற்பதில்லை. கொட்டித் தீர்த்த அரை மணி நேரத்தில் பிள்ளைகள் மறுபடியும் விளையாட இறங்கிவிடுகிறார்கள். திறப்பு நாளில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் விருப்ப ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண் பக்கத்தில் நின்று கேட்டாள்.

"மேடம், முன்னாடி பூரா கீச்சட்தானே? அந்தச் சேத்துல நேஷனல் டீமுக்கே கேம்ப் நடத்துனீங்களாமே. பிள்ளைங்க பூட்ஸ் எல்லாம் எப்படிக் காய வெச்சீங்க?"

"கொப்பரைக் கொட்டகையில."

அவள் நான் கேலி செய்வதாக நினைத்துச் சிரித்தாள். நடந்ததை எழுதி வைத்துவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எங்கள் குடும்பம் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியது. பள்ளியில் நன்றாக ஓடுவேன். அந்த ஓட்டம் என்னைப் போர்ட் பிளேர் விடுதிக்கும், அங்கிருந்து உடற்கல்வி படிக்க மெயின்லேண்டுக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து விளையாட்டுத் துறையில் உட்கார வைத்தது. பயிற்சியாளர் வேலை இல்லை. முகாம் மேலாளர். வெளியூர் அணி வந்தால் தங்குமிடம், சாப்பாடு, மருந்து, மைதானம், கப்பல் டிக்கெட் எல்லாம் என் பொறுப்பு. பந்தை நான் உதைத்ததைவிடத் துடைத்ததுதான் அதிகம்.

சுனாமிக்குப் பிறகு ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, மழைக்காலத் தொடக்கத்தில், பதினாறு வயதுக்கு உட்பட்ட இந்தியப் பெண்கள் கால்பந்து அணி எங்களிடம் வந்தது. அவர்கள் விளையாட வேண்டிய சர்வதேசப் போட்டி கிழக்கே ஒரு நாட்டில், அடைமழைக் காலத்தில். மெயின்லேண்டில் அப்போது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மழையில் பழக வேண்டுமானால் அந்தமான்தான் என்று டெல்லியில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. அந்த அணி தேறும் என்று எவரும் நினைக்கவில்லை. அதற்கு முன் வெளிநாடு போனபோது வாங்கிய கோல்களைச் சொல்லி, எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர், "இந்தப் பிள்ளைங்க ஏரோப்ளேன் பாக்கத்தான் போகுது" என்றார்.

தலைமைப் பயிற்சியாளர் லாஹிரி மேடம் கல்கத்தாக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். குரலை உயர்த்தியே பார்த்ததில்லை. ஒரு பெண் தவறாக உதைத்தால் அவளிடம் நடந்து போவார், பந்தைத் தன் கையால் எடுத்து அவள் காலருகே வைப்பார், "அகெய்ன்" என்பார், திரும்பி நடப்பார். அவ்வளவுதான். சில நாள் அந்த ஒரு சொல்லை மட்டுமே பேசி ஒரு காலைப் பொழுதை முடித்துவிடுவார். தன் பூட்ஸைத் தானே கழுவுவார். யாருக்காகவும் வழிவிட்டு நகர மாட்டார். நடந்து போகிற பாதையில் வாளி இருந்தால் வாளியைத்தான் நகர்த்த வேண்டும்.

வந்த அன்றே அச்சடித்த கால அட்டவணையை என்னிடம் நீட்டினார். மாலைப் பயிற்சி ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்கு முடியும் என்று இருந்தது.

"மேடம், ஆறு மணிக்கு இங்கே ஒன்று இருக்கும்" என்றேன் இந்தியில்.

"என்ன?"

"இருட்டு."

இந்தத் தீவுகளில் சூரியன் கல்கத்தாவுக்கு முன்பே எழுந்து முன்பே படுத்துவிடும், கடிகாரம் மட்டும் டெல்லியோடு ஓடும். மேடம் வானத்தைப் பார்த்தார், அட்டவணையைப் பார்த்தார், பேனாவை எடுத்து எல்லாவற்றையும் முன்னால் தள்ளினார். காலைப் பயிற்சி ஐந்து மணி ஆயிற்று. விடுதி வராந்தாவில் எழுந்த முனகல் இன்னும் என் காதில் இருக்கிறது.

மைதானம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். சுனாமிக்குப் பிறகு கார் நிக்கோபாரிலிருந்தும் எங்கள் கச்சாலிலிருந்தும் வந்தவர்களுக்குக் கூடாரம் அடித்தது அங்கேதான். சமையல் நடந்த வடக்கு முனையில் சாம்பல் மண்ணோடு கலந்து, மற்ற இடமெல்லாம் குளமாக நிற்கும்போதும் அந்த இடம் மட்டும் கால் வைக்கும்படி இருக்கும். கோல் கம்பத்தை அங்கே நட்டோம்.

சிக்கல் பூட்ஸில் வந்தது. ஒவ்வொருத்திக்கும் ஒரு ஜோடி, சிலருக்கு இரண்டு. மழைக்காலத்தில் இங்கே கைக்குட்டைகூடக் காயாது. உள்ளே திணிக்கச் செய்தித்தாள் போதவில்லை. மின்விசிறி போட்டால் கரண்ட் போனது. மூன்றாம் நாள் பிள்ளைகளின் கால்களில் கொப்புளம். மேடம் என்னைப் பார்த்து, "சரோஜா, இது உங்கள் துறை" என்றார்.

பேம்பூஃப்ளாட்டில் மொய்தீன் காக்காவின் கொப்பரைக் கொட்டகை எனக்கு நினைவுக்கு வந்தது. சாத்தம் ஜெட்டி என்ற படகுத்துறையிலிருந்து படகேறினால் எதிர்க்கரைதான் பேம்பூஃப்ளாட். மழைக்காலத்தில் வெயில் கிடைக்காததால் காக்கா தேங்காயைச் சிரட்டைத் தீயில் வாட்டிக் கொப்பரை ஆக்குவார். மூங்கில் தட்டுகள் மூன்றடுக்கு. அந்த ஊர் மாப்பிளா முஸ்லிம்கள் பேசும் மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு அவருக்கு.

"மோளே, கீழ்த் தட்டில் வெய்க்கல்லே. தீ பட்டா சோல் களண்டு போகும். மேல் தட்டு மதி."

முறை இப்படி அமைந்தது. முதலில் பூட்ஸின் உள்ளட்டையை உருவி எடுக்க வேண்டும். அடிக்குமிழ்களுக்கு இடையில் அடைத்த சேற்றைத் தென்னை ஈர்க்கால் குத்தி, பிறகு பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். ஜோடியை நாடாவால் பிணைத்து, ஆளுக்கொரு நிறத் துணி கட்டி, மேல் தட்டு மூங்கிலில் வாய் கீழே பார்க்கும்படி தொங்கவிட வேண்டும். தீயை அணைக்காமல் சாம்பல் மூடி வைத்தால் காலையில் பூட்ஸ் அப்பளம் மாதிரி இருக்கும். மாலைப் படகில் கொண்டுபோவோம், காலைப் படகில் எடுத்து வருவோம். பூட்ஸ் வரும்வரை காலைப் பயிற்சியில் வெறும் ஓட்டம்தான். தினமும் இரண்டு பெண்கள் என்னோடு வர வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. "அவரவர் பூட்ஸை அவரவர் சுமக்கட்டும்."

இதனால் வந்த ஒரே தொல்லை, இந்திய அணி முழுவதும் தேங்காய் எண்ணெய் வாசனை அடிக்கத் தொடங்கியதுதான். விடுதியில் எறும்புகள் வரிசை பிடித்துப் பூட்ஸுக்குள் குடியேறின. போடுமுன் தலைகீழாகத் தட்ட வேண்டும் என்பதைப் பிள்ளைகள் இரண்டே கடியில் கற்றுக்கொண்டார்கள்.

மேடத்தின் இன்னொரு உத்தரவு, மைதானத்தில் ஆங்கிலம் மட்டும். எனக்கு அது கடுமையாகத் தோன்றியதால் காரணம் கேட்டேன். "போன பயணத்தில் மணிப்பூர் ஒரு மேஜை, வங்காளம் ஒரு மேஜை, ஒடிசா ஒரு மேஜை. ஒரு பாஷையில் சிரித்தால் அடுத்த மேஜைக்கு நம்மைத்தான் சொல்கிறார்கள் என்று சந்தேகம். இவர்களில் யாருக்கும் சொந்தமில்லாத பாஷைதான் எல்லோருக்கும் நியாயமான பாஷை" என்றார். நியாயம்தான். ஆனால் அதன் விளைவை எங்கள் தீவு அணியோடு ஆடிய முதல் பயிற்சி ஆட்டத்தில் பார்த்தோம்.

எங்கள் பெண்கள் பத்து வீட்டுப் பிள்ளைகள். வங்காளி, தெலுங்கு, தமிழ், ராஞ்சி, நிக்கோபாரி. ஆனால் பிறந்ததிலிருந்து எல்லோரும் தெருவில் பேசுவது ஒரே அந்தமான் இந்தி. அதில் இலக்கணம் தேடக் கூடாது. ஆட்டம் முழுக்கச் சந்தை மாதிரிக் கத்துவார்கள். "ஆரே இதர்!", "தே தே தே!", "பீச்சே ஆத்மி!" இங்கே பார், கொடு கொடு, பின்னால் ஆள் என்று அர்த்தம். எதிரில் இந்திய அணி வாயைத் திறக்காமல் விளையாடியது. பந்து உயரமாக வந்தது. கோல்கீப்பர் செல்வியும் மணிப்பூர்த் தடுப்பாட்டக்காரி லின்தோயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் நின்றார்கள். எங்கள் பூனம் நடுவில் புகுந்து தலையால் தட்டினாள். இரண்டாவது கோலும் அதே மாதிரி. இம்முறை இருவரும் நிற்காமல் மோதிக்கொண்டு விழுந்தார்கள்.

இரண்டுக்கு ஒன்று. போர்ட் பிளேர் ஜெயித்துவிட்டது. பூனமைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவரை போனார்கள். லாஹிரி மேடம் குடையின் கீழ் நின்றபடி என்னிடம் சொன்னார்: "உங்கள் பதினொரு பேரின் குரலும் எனக்கு இப்போது தெரியும். என் பிள்ளைகளில் ஒருத்தியின் குரல்கூடத் தெரியாது."

முகாமில் மூன்று கோல்கீப்பர்கள். இருவருக்குத்தான் விமானத்தில் இடம். செல்வி கடலூர்ப் பக்கத்துப் பெண். மூவரில் அவள் கைதான் உறுதி. எண்ணெய் தடவிய பந்தையும் பிடித்துவிடுவாள். ஆனால் கோல்கீப்பர்தான் பின்னால் நின்று முழு மைதானத்தையும் பார்க்கிறவள். அவள் சொல்லித்தான் முன்னால் இருப்பவர்கள் நகர வேண்டும். மேடம் அவளைக் கூப்பிட்டு, கடைசிப் பயிற்சி ஆட்டத்தில் அவள் குரல் கேட்கவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று தெளிவாகச் சொன்னார். மொழிபெயர்த்தது நான்தான். செல்வி தலையாட்டினாள். அதற்கும் வாய் திறக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கத்தினா என்னா புள்ள?"

"இங்கிலீஷ்ல யோசிக்கிறதுக்குள்ள பந்து வந்துடுதுக்கா. தமிழ்ல கத்துனா லின்தோய் என் மூஞ்சியத்தான் பாக்கும்."

"வீட்டுலயும் இப்படித்தானா?"

"வீட்ல எங்கம்மா இருக்காங்க. தெரு மொத்தத்துக்கும் சேர்த்து அவங்களே கத்திடுவாங்க. எனக்கு எடம் கெடைக்கல."

"முயற்சி பண்ணிப் பாரு. ஏலாதுன்னு விட்டுறாத."

"ஏலாதுன்னா?"

"முடியாதுன்னு."

"அப்ப முடியாதுன்னே சொல்லுங்கக்கா, நானே பயந்து கெடக்கேன்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பிலும் சத்தம் இல்லை. அவளை எப்படியாவது அணியோடு அனுப்பிவிட வேண்டுமே என்று எனக்கு இருந்தது.

கடைசி ஆட்டத்தன்று காலை பூட்ஸ் எடுத்துவரும் முறை செல்விக்கும் ஒடிசாப் பெண் ஒருத்திக்கும். அவளுக்குக் காய்ச்சல். நானும் செல்வியும் மட்டும் போனோம். மூன்று சாக்கு. மழை பிடித்துக்கொண்டதால் கட்டுவதற்கு நேரமாகிவிட்டது. நான் ஒரு சாக்கோடு முன்னால் ஓடிப் படகில் ஏறி, ஸ்ராங்கிடம், அதாவது படகோட்டியிடம், ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னேன். அவர் பதில் சொல்வதற்குள் படகு வேலையாளான கலாசி கயிற்றை அவிழ்த்துவிட்டார். அடுத்த படகில் வந்தால் ஆட்டத்துக்குப் பாதி அணி வெறுங்காலோடு நிற்கும்.

ஜெட்டியில் அடுத்த படகுக்காக நிற்கிற கூட்டம். அதன் பின்னால் செல்வி ஒரு சாக்கோடும், மொய்தீன் காக்கா ஒரு சாக்கோடும். அவள் ஒவ்வொருவர் முதுகையும் தொட்டு, மெல்ல ஏதோ சொல்லி, வழி கேட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கும் காதில் விழவில்லை. படகு கரையை விட்டு ஒரு கை அகலம் நகர்ந்துவிட்டது. கலாசி கூட்டத்தைப் பார்த்து, "ஹட்! ஹட்!" என்று அதட்டினார். விலகு என்பதற்கு எங்கள் ஜெட்டிகளில் அந்த ஒரு சொல்தான். கயிறு வீசும்போது, பைக் இறக்கும்போது, மீன் கூடை வரும்போது எல்லாவற்றுக்கும் அதுதான்.

"ஹட்!"

இந்த முறை அது கலாசி இல்லை. நான் அப்படி ஒரு குரலை அதற்கு முன் கேட்டதில்லை. கூட்டம் இரண்டாகப் பிளந்தது. காக்காவே ஒதுங்கினார். செல்வி ஜெட்டி விளிம்புக்கு வந்து, "அக்கா, பக்டோ!" என்று கத்தி சாக்கை எறிந்தாள். பிடித்தேன். பிடித்த வேகத்தில் பின்னால் போய் மீன்காரம்மா ஒருத்தியின் மடியில் உட்கார்ந்தேன். காக்கா கையிலிருந்ததைப் பிடுங்கி, "பக்டோ!" அதைக் கலாசி பிடித்தார். பிறகு அவளே தாவினாள். கலாசி அவள் கையை எட்டிப் பிடித்து உள்ளே இழுத்தார். முதலில் நன்றாகத் திட்டினார். பிறகு சாக்குகளையும் அவள் இடுப்பில் செருகியிருந்த கையுறையையும் பார்த்து, "அரே, கோல்கீப்பர் ஹை க்யா?" என்றார். படகு முழுக்கச் சிரித்தது.

"உக்காந்தது போதும், எந்திரி தாயி, என் சூரை மீனு நசுங்குது" என்றாள் மீன்காரம்மா.

நடுக்கடலுக்கு வந்த பிறகு செல்வி கேட்டாள். "அக்கா, நானா கத்துனேன்?"

"கடலூர்ல உங்கம்மாவுக்குக் கேட்டிருக்கும்."

காலை எட்டு மணிக்கு எங்கள் தீவு அணியோடு மறுபடி ஆட்டம். நல்ல மழை. ஊரில் பாதி குடையோடு வந்திருந்தது. நடுவர் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கும் ராவ் சார். தினமும் அதே பேம்பூஃப்ளாட் படகில் வந்து போகிறவர். முதல் கால் மணி நேரம் செல்விக்கு வேலை இல்லை. பிறகு எங்கள் பக்கத்திலிருந்து பந்து உயரமாக, மழையோடு மழையாக இறங்கியது. லின்தோய் பின்னால் பார்த்தாள். பூனம் ஓடி வந்தாள். முதல் ஆட்டத்தின் அதே காட்சி. என் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை நான் நசுக்கிவிட்டேன்.

"ஹட்!"

லின்தோய் விலகினாள். இந்தி கொஞ்சம்தான் தெரியும், ஆனால் அந்தக் குரலுக்கு அகராதி வேண்டியதில்லை. செல்வி எழும்பிப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். விஷயம் அதோடு முடியவில்லை. பூனமும் விலகியிருந்தாள். பிறந்ததிலிருந்து ஜெட்டியில் அந்தச் சொல்லைக் கேட்டு ஒதுங்கிய கால்கள், அவளைக் கேட்காமலே ஒதுங்கிவிட்டன. அவளுக்குப் பின்னால் வந்த எங்கள் இரண்டு பெண்களும் ஒதுங்கியிருந்தார்கள். ராவ் சாரும் ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

பூனம் இடுப்பில் கை வைத்தாள். "ரெஃப்ரீ சார், யே பேயீமானி ஹை! ஜெட்டி கா போல்தா ஹை!" இது ஏமாற்று வேலை, ஜெட்டிப் பேச்சு என்றாள்.

"துமாரா டீம் நஹி போல்தா க்யா?" உங்கள் அணி மட்டும் பேசுவதில்லையா என்றார் ராவ் சார், தான் நகர்ந்ததைச் சமாளித்துக்கொண்டு.

"ஆப் பீ தோ ஹட்டா!"

நீங்களும்தானே நகர்ந்தீர்கள் என்று அவள் கேட்டதும் குடைகளெல்லாம் குலுங்கின. ராவ் சார் ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். அதன் பிறகு எங்கள் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு விலகாமல் பழகினார்கள், நன்றாகவே மோதினார்கள். ஆனால் இந்திய அணிக்கு வாய் திறந்துவிட்டது. லின்தோய் "தே தே!" என்றாள். வங்காளப் பெண் "இதர்!" என்றாள். முதல் ஆட்டத்தில் எங்களிடம் கேட்ட சொற்களையே எங்கள் மேல் திருப்பினார்கள். பின்னாலிருந்து செல்வி எல்லோரையும் ஓட்டினாள். இரண்டு கோல் போட்டார்கள், ஒன்றும் வாங்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் லாஹிரி மேடம் கோல் கம்பத்தை நோக்கி நடந்தார். ஆங்கிலம் மட்டும் என்ற உத்தரவு தொண்ணூறு நிமிடமும் மீறப்பட்டிருந்தது. பிள்ளைகள் சிரிப்பை நிறுத்தினார்கள். நானும் பின்னால் போனேன்.

"அது என்ன பாஷை?" என்று செல்வியிடம் கேட்டார்.

செல்வி என்னைப் பார்த்தாள். "தெரியல மேடம். ஜெட்டியில பேசுறாங்க."

"எங்கள் ஊர் இந்தி மேடம்" என்றேன். "டெல்லியில் பேசினால் அடிப்பார்கள்."

மேடம் லின்தோயைப் பார்த்தார். "இது உன் பாஷையா?" இல்லை. வங்காளப் பெண்ணைப் பார்த்தார். "உன்னுடையதா?" இல்லை. இந்திய அணியில் இருந்த ராஞ்சிப் பெண்ணும் இது எங்கள் இந்தி இல்லை என்று மறுத்துவிட்டாள். இப்படி ஒவ்வொருத்தியையும் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"ஆக, உங்களில் யாருக்கும் சொந்தமில்லை. அப்படியானால் அனுமதி உண்டு."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு கிளம்பிய சத்தத்தில் மைதானத்து மைனாக்கள் எல்லாம் பறந்தன. மேடம் பந்தை எடுத்துச் செல்வியின் காலருகே வைத்தார். "பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள். அகெய்ன்" என்று சொல்லி, திரும்பி நடந்தார். செல்வி என்னைக் கட்டிக்கொண்டாள். என் புடவை முழுக்கச் சேறும் தேங்காய் எண்ணெய் வாசனையும்.

விமான நிலையத்தில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர், அணி எவ்வளவு தூரம் போகும் என்று மேடத்திடம் கேட்டார். "முன்பு நாங்கள் பதினொரு பேராகப் போனோம். இப்போது ஓர் அணி போகிறது. எவ்வளவு தூரம் என்று வந்து சொல்கிறேன்" என்றார்.

அந்தப் போட்டி எங்கள் தொலைக்காட்சியில் வரவில்லை. முதல் ஆட்டமே போட்டி நடத்தும் நாட்டோடு. அன்று அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. மாலையில் தொலைபேசி மணி அடித்தது. அந்தப் பக்கம் லாஹிரி மேடம்.

"ஒன்றுக்குப் பூஜ்யம்" என்றார்.

"யாருக்கு மேடம் ஒன்று?"

"நமக்கு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏரோப்ளேன் பார்க்கப் போவதாகச் சொன்னவர் எதிர் மேஜையிலிருந்து ஓடி வந்து ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டார். பின்னணியில் பாத்திரச் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. நடுவே யாரோ சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கி வருகிறார்கள் போலிருக்கிறது. "ஹட்! ஹட்!" என்றது ஒரு மணிப்பூர்க் குரல்.

"ஒரு நிமிடம்" என்றார் மேடம். கொஞ்சம் கழித்து, "ம், சொல்லுங்கள். நகர வேண்டியிருந்தது."

"செல்வியிடம் கொடுங்கள் மேடம்."

ரிசீவர் கை மாறியது. கரகரவென்று காற்று மட்டும் வந்தது. "செல்வி? செல்வி, நான் அக்கா பேசுறேன்." மறுபடி காற்று. மேடம் வாங்கிக்கொண்டார்.

"தொண்டை போய்விட்டது. தொண்ணூறு நிமிடம் நிறுத்தவே இல்லை. அடுத்த ஆட்டம் வரை வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறேன். இருங்கள், உங்களிடம் சொல்லச் சொல்லி ஏதோ கையால் காட்டுகிறாள். பூட்ஸ். பூட்ஸைத் தட்டுகிறாள்." மேடம் சிரித்து அன்றுதான் கேட்டேன். "எறும்பு. ஆமாம் சரோஜா, இந்த ஊர் எறும்பும் எங்களைக் கண்டுபிடித்துவிட்டது."